இரண்டாம் முறை சிப்பாய்

நான் இரண்டு முறை பட்டாளத்தில் சேர்ந்தவன். முதல் முறை போனபோது கச்சிராயபாளையம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சொந்தபந்தம் மொத்தமும் வந்து, மாலை போட்டு, அழுது, பஸ் ஏற்றிவிட்டது. இரண்டாம் முறை என் மனைவி மட்டும் வாசல் வரைக்கும் வந்தாள். வழியனுப்ப வந்தாளா, நான் போய்விட்டேனா என்று பார்த்துக்கொள்ள வந்தாளா என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது.

டிஸ்சார்ஜ் ஆகி வந்த சிப்பாய்களை மறுபடியும் எடுத்துக்கொள்ளும் படை ஒன்று இருக்கிறது. சண்டைக்குப் போகிற வேலை இல்லை. வெடிமருந்துக் கிடங்கு, டிப்போ, ஒர்க் ஷாப், இவற்றின் வாசலில் துப்பாக்கியோடு நிற்க வேண்டும். பழைய பென்ஷனும் வரும், புதுச் சம்பளமும் வரும் என்று எங்கள் பக்கத்து எக்ஸ் சர்வீஸ்காரர்கள் டீக்கடையில் உட்கார்ந்து பெருமையாகச் சொல்வார்கள். ஒன்றை மட்டும் சத்தம் குறைத்துச் சொல்வார்கள். என்னைப் போல ஹவில்தாராக வெளியே வந்தவனும் அங்கே சிப்பாயாகத்தான் உள்ளே போக வேண்டும். சட்டைக் கையில் இருந்த பதவிப் பட்டைகள் போய்விடும். என்னிடம் திட்டு வாங்கிய பையன்களின் வயசுக்காரன் கட்டளை போடுவான். நான் விறைப்பாக நின்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

அப்படியாவது போயே தீர வேண்டும் என்று ஏன் நினைத்தேன்? கேட்டவர்களிடமெல்லாம் மகள் படிப்பைக் காரணம் சொன்னேன். அது பொய் இல்லை, ஆனால் காரணமும் அது இல்லை. எனக்கு வீட்டில் இருக்கத் தெரியவில்லை.

பட்டாளத்துக்காரன் லீவில் வந்தால் வீட்டில் திருவிழா. கோழி அடிப்பார்கள், பெண்டாட்டி புதுப் புடவை கட்டுவாள், பிள்ளை மடியை விட்டு இறங்காது. அந்த ஒரு மாசத்தைத்தான் நான் குடும்ப வாழ்க்கை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். டிஸ்சார்ஜ் ஆகி வந்த பிறகு அந்த மாதிரி ஒரு மாசம் நடந்தது. இரண்டாவது மாசமும் நான் கிளம்பாமல் வீட்டிலேயே இருந்தேன். அங்கிருந்துதான் தொடங்கியது.

எங்கள் நிலம் கோமுகி அணைத் தண்ணீர் பாய்கிற நிலம். பெரும்பகுதி கரும்பு, பள்ளத்தில் நெல், மேட்டில் மரவள்ளி. நான் பனியில் நின்ற வருஷங்களில் அதை நடத்தியவள் என் மனைவி. வெட்டு ஆட்களுக்கு எந்த மேஸ்திரியிடம் எப்போது சொல்லிவைக்க வேண்டும், வாய்க்கால் தண்ணீருக்கு யாரிடம் சிரித்துப் பேச வேண்டும், யாரிடம் சிரிக்காமல் பேச வேண்டும், எல்லாம் அவளுக்குத் தெரியும். நான் வந்த வேகத்தில் இதையெல்லாம் ஒழுங்குபடுத்தப் புறப்பட்டேன்.

கரும்பு வெட்ட வடக்கனந்தலில் இருந்து ஆட்கள் வந்தார்கள். அவர்களை வரப்பில் வரிசையாக நிற்கவைத்து எண்ணினேன். தாமதமாக வந்தவர்களைத் தனியாக நிறுத்தி ஏன் என்று விசாரித்தேன். மேஸ்திரி வெற்றிலையைத் துப்பிவிட்டு, "இன்னா சார், எங்களயும் பட்டாளத்துல சேத்துக்கப் போறீங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. நிலத்தை விட்டு வெளியே போ என்று கத்தினேன். அவர்கள் அரிவாளைத் தூக்கிக்கொண்டு அடுத்தவன் கொல்லைக்குப் போய்விட்டார்கள். அறுவடை நேரத்தில் வேறு ஆள் எங்கே கிடைப்பான்? கரும்பு நின்ற நிலையில் பூ எடுத்துக் காய ஆரம்பித்தது. கடைசியில் என் மனைவி மேஸ்திரி வீட்டு வாசலில் போய் நின்று, கெஞ்சி, அவர்களைக் கூட்டிவந்தாள். எனக்குச் சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள், அந்தப் பக்கம் போய்விட்டாள்.

மகள் அப்போது பத்தாவது. நான் உள்ளே நுழைந்தால் தாயும் மகளும் பேசிக்கொண்டிருந்த பேச்சு நின்றுபோகும், டி.வி. சத்தம் குறையும். ஆபீசர் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த பாரக் மாதிரி இருக்கும் என் வீடு. சிப்பாய்கள் தங்கும் எத்தனை பாரக்கில் நான் அந்த ஆபீசருக்காக மூச்சடக்கி நின்றிருக்கிறேன். அந்த ஆளைப் பார்த்தால் என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும்.

மனுப் போட்டேன். காலையில் அணைப் பக்கம் ஓட ஆரம்பித்தேன். கல்வராயன் மலை ஏறுகிற ரோட்டில் முதல் வளைவு வரைக்கும் ஓடித் திரும்புவேன். மலையில் இருந்து கடுக்காய் மூட்டையோடு இறங்கி வருகிறவர்கள் பஸ் ஜன்னல் வழியாக என்னை வேடிக்கை பார்ப்பார்கள். மூச்சு வாங்கினாலும் அந்த நேரம்தான் நாளிலேயே எனக்கு நிம்மதியான நேரம். மறுபடி சேர்வதற்கு ஒரு கெடு உண்டு. டிஸ்சார்ஜ் ஆகி அதற்குள் உள்ளே போகவில்லை என்றால் பிறகு கேட்கவே முடியாது. என் கெடு ஓடிக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில்தான் திரௌபதி அம்மன் கோயிலில் தீமிதித் திருவிழா வந்தது. நான் எல்லையில் ஒரு மோசமான இடத்தில் இருந்த வருஷம், கொஞ்ச நாள் என்னிடமிருந்து போன் வராமல் போனது. அப்போது, நான் உயிரோடு வந்தால் மூன்று வருஷம் தீ மிதிப்பேன் என்று என் பேரில் என் மனைவி நேர்ந்துகொண்டாள். என்னைக் கேட்காமல் என் காலை எடுத்து சாமிக்கு எழுதிக் கொடுத்துவிட்டாயே என்று பிறகு கேலி செய்தேன். சிரித்தாள். இப்போது அதன் முதல் வருஷத்தைச் செய்ய வேண்டிய நேரம். மஞ்சள் கிழங்கு கோத்த கயிற்றை மணிக்கட்டில் காப்பாகக் கட்டிக்கொண்டேன். காப்புக் கட்டியவன் தீமிதி முடியும் வரைக்கும் கறி மீன் தொடக்கூடாது, பெண்டாட்டி பக்கம் போகக்கூடாது, ஊர் எல்லையைத் தாண்டி ராத்தங்கக்கூடாது.

காப்புக் கட்டிய சில நாளில் போன் வந்தது. என்னோடு வேலை பார்த்து, எனக்கு முன்பே அந்தப் படையில் மறுபடி சேர்ந்திருந்த நண்பன் பேசினான். மெடிக்கலுக்கு என் பேர் வந்துவிட்டது, கேரளாவில் இருக்கும் சென்டருக்குப் போய் நிற்க வேண்டும். அவன் சொன்ன தேதி தீமிதிக்கு முந்தின நாள். தேதி மாற்ற முடியுமா என்று கேட்டேன். "உன் கெடு முடியப்போவுது. இதை விட்டா அவ்வளவுதான்" என்றான்.

மாட்டுக் கொட்டகையில் போய் உட்கார்ந்துகொண்டேன். குண்டு சத்தத்துக்குப் பயப்படாதவன் ஒரு மஞ்சள் கயிற்றுக்குப் பயந்தான் என்று சொன்னால் சிரிப்பீர்கள். எனக்கு அம்மன் மேல் பயமா, ஊர் மேல் பயமா என்று பிரிக்கத் தெரியவில்லை. மனைவி தவிட்டுக் கூடையோடு வந்தவள் என் முகத்தைப் பார்த்து நின்றாள்.

"போன்ல இன்னா சொன்னாங்க?"

சொன்னேன்.

"போவலன்னா?"

"இனிமே கிடையாது."

கூடையைக் கீழே வைத்தாள். "அப்ப போங்க. காப்ப நான் மாத்திக் கட்டிக்கறேன். நான்தான நேர்ந்துக்கினேன், நானே மிதிக்கறேன்."

"உனக்கு சுகர் இருக்குது. கால்ல ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"எத்தினி பேரு சுகரோட மிதிக்கறாங்க. அத உடுங்க."

"எதுக்கு இவ்ளோ அவசரமா என்னத் தொரத்தற?"

அவள் மாட்டைத் தடவிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் பேசினாள். "சொல்றனேனு கோச்சிக்காதீங்க. லீவுல நீங்க வர்றப்பலாம் எனக்கு எவ்ளோ ஆச இருந்துச்சு. இப்ப வாசல்ல உங்க செருப்பு சத்தம் கேட்டாலே அடுப்பங்கரைக்குள்ள பூந்துக்கறேன். கொழந்தயும் பயந்துக்கினே கீது. இப்பிடியே இருந்தா மிச்சம் இருக்கறதும் போயிடும். போயிடுங்க."

எனக்கு அழுகை வந்தது. கோபமாக ஏதாவது சொல்லிவிட முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அவள் சொன்னது ஒவ்வொன்றும் நான் எனக்குள் சொல்லிக்கொண்டதுதான்.

மறுநாள் காலை கோயிலுக்குப் போனோம். பூசாரி முதலில் முகம் சுளித்தார். அப்புறம், "புருசன் வேண்டுதல பொண்டாட்டி செய்யலாம், தப்பு இல்ல. ஆனா மனசும் ஒடம்பும் சுத்தமா இருக்கணும்மா. இல்லன்னா ஆத்தா ஏத்துக்க மாட்டா" என்றார். என் கயிற்றை அவிழ்த்து அவள் கையில் புதுக் காப்புக் கட்டினார். சுற்றி நின்ற பெண்கள் குலவை போட்டார்கள். புருஷனுக்காகத் தீ மிதிக்கிறாள் என்று ஊரே அவளை மெச்சியது. அவள் என்னை வீட்டை விட்டு அனுப்பத்தான் மிதிக்கிறாள் என்பது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும்.

மெடிக்கலில் தேறினேன். ஓட்டத்தில் என்னைவிடச் சின்னவர்கள் சிலர் எனக்குப் பின்னால் வந்தார்கள். உடுப்பு கொடுத்தார்கள். பட்டை இல்லாத சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றபோது, பெரிய அவமானமாக இருக்கும் என்று நினைத்ததற்கு மாறாக, வயிற்றில் இருந்த பாரம் இறங்கினது போல இருந்தது. எப்போது எழ வேண்டும், எங்கே நிற்க வேண்டும், யாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று மறுபடியும் ஒருவன் எனக்குச் சொன்னான். நான் நிம்மதியாகத் தூங்கினேன். அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

தீமிதி முடிந்த மறுநாள் போன் செய்தேன். "நல்லபடியா ஆச்சு. நீங்க ஒழுங்கா சாப்புடுங்க" என்றாள். குரல் கொஞ்சம் சோர்ந்திருந்தது. விரதம் இருந்த களைப்பு என்று நினைத்தேன்.

எங்கள் ஊரில் ஒரு பேச்சு உண்டு, அதைச் சொன்னால்தான் பிறகு நடந்தது விளங்கும். தீ ஒருவரைச் சுட்டால் தப்பு தீயின் மேல் கிடையாது. காலில் கொப்புளம் வந்தது ஆண் என்றால், திருட்டுத்தனமாகக் கறி தின்றிருப்பான் என்று கேலி பேசி விட்டுவிடுவார்கள். பெண் என்றால் கேலி இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு வேறு விஷயம் பேசுவார்கள். அதிலும் புருஷன் வருஷக்கணக்காக வடக்கே இருக்க, தனியாக நிலத்தைக் கட்டி ஆண்டவள், மேஸ்திரியிடமும் வாய்க்கால்காரரிடமும் நின்று பேசியவள் என்றால் சொல்லவே வேண்டாம். அவள் இத்தனை வருஷமாக யாரிடம் எவ்வளவு சிரிப்பது என்று அளந்து அளந்து காப்பாற்றி வைத்த பேர், ஒரு கொப்புளத்தில் போய்விடும்.

அவளைத் தீ சுட்டது. தீக்குழிக்கு அந்தப் பக்கம், மிதித்தவர்கள் காலை நனைக்கப் பால் ஊற்றி வைத்திருந்த குழியில் கால் வைத்தபோதே தெரிந்துவிட்டதாம். யாரிடமும் சொல்லவில்லை. நொண்டாமல் கோயிலைச் சுற்றி வந்து, நொண்டாமல் வீட்டுக்கு நடந்தாள். மறுநாள் எங்கள் பள்ளத்தில் நடவு. ஊர்ப் பெண்கள் வந்திருந்தார்கள். எல்லோர் கண்ணும் தன் காலில்தான் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். புடவையை முழங்கால் வரைக்கும் தூக்கிச் செருகிக்கொண்டு, முதல் ஆளாகச் சேற்றில் இறங்கினாள். உடைந்த கொப்புளத்தோடு பொழுது சாயும் வரைக்கும் எருப் போட்ட சேற்றில் நின்று நாற்று நட்டாள். நடவுப் பாட்டுக்கு எதிர்ப்பாட்டும் பாடினாள் என்று மகள் சொன்னாள்.

மகள்தான் எனக்குச் சொன்னாள். அதற்குள் வாரங்கள் ஓடிவிட்டன. சாயங்காலம் எங்களுக்குப் போன் கொடுக்கும் நேரத்தில் அழைத்தாள். "ப்பா, அம்மா கால்ல நாத்தம் அடிக்குதுப்பா. யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிச்சு. நீ வாப்பா" என்று அழுதாள். நான் வீட்டில் இருந்தவரை அந்தப் பெண் என்னிடம் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை.

சுபேதார் முன் விறைப்பாக நின்று லீவு கேட்டேன். நல்ல மனுஷன், அன்றைக்கே விட்டார். மகள் அவளைச் சேர்த்திருந்த சேலம் ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேருவதற்குள் வலது காலில் சுண்டு விரலையும் பக்கத்து விரலையும் எடுத்துவிட்டிருந்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பாதமே போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். சர்க்கரையால் அந்தக் காலில் உணர்ச்சி செத்துக்கொண்டு வருகிறது, இனி முள் குத்தினாலும் தெரியாது, தினமும் பாதத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்.

பாதத்தைப் பார்ப்பது எனக்குத் தெரிந்த வேலை. பட்டாளத்தில் நீண்ட நடை முடிந்ததும் ஹவில்தார் ஒவ்வொருவன் பூட்ஸையும் கழற்றச் சொல்லிக் காலைப் பார்க்க வேண்டும். கொப்புளத்தை மறைத்தவனுக்குத் தண்டனை உண்டு. எத்தனையோ ஊர்ப் பிள்ளைகளின் நாறிய கால்களை என் கையில் ஏந்திப் பார்த்திருக்கிறேன். கட்டுப் போட்ட அவள் காலைத் தொடப் போனேன். போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

"நான் திரும்பிப் போவல. எழுதிக் குடுத்துட்டு வந்துடறேன்" என்றேன்.

"நீங்க வந்தா வெரலு மொளைக்குமா?" என்றாள். பிறகு குரலை இறக்கி, "இப்ப வந்தா ஏன் வந்தாருன்னு கேப்பாங்க. தோண்டுவாங்க. பேசாம போங்க" என்றாள்.

வீட்டுக்குக் கூட்டிவந்தோம். பார்க்க வந்த பெண்களிடம், வரப்பில் எவனோ உடைத்துப் போட்ட பாட்டிலின் கண்ணாடிப் பீங்கான் குத்திச் சீழ் வைத்துவிட்டது என்றாள். குடிகாரப் பசங்களைச் சேர்ந்து திட்டினார்கள். ஒருத்தி மட்டும் என் பக்கம் திரும்பி, "பீங்கானா குத்துச்சு?" என்றாள். "ஆமா, நான்தான் அப்பறம் வரப்ப சுத்தம் பண்ணேன்" என்றேன். அந்த வீட்டில் என் மனைவிக்கு நான் உபயோகப்பட்ட ஒரே சமயம் அதுதான் என்று தோன்றுகிறது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நன்றி மாதிரி இருந்தது. எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

கிளம்புவதற்கு முந்தின நாள் அவள் சாதாரணமாகச் சொன்னாள், "வர்ற வருசமும் மிதிக்கணும்."

"பைத்தியமா உனக்கு?"

"மூணு வருசம் நேர்ந்துக்கினது. இப்ப என் பேருல கட்டியாச்சு. மிதிக்காம வுட்டா, போன வருசம் சுட்டுடுச்சு, அதான் பயப்படறானு சொல்லுவாங்க. பீங்கான் கதயெல்லாம் அப்ப நிக்காது."

"நான் வந்து மிதிக்கறேன்."

"உங்க காலுக்கு இன்னா பேரு போவப்போவுது? என் காலத்தான பாக்கறாங்க." அப்புறம் சிரித்தாள். "அந்தக் காலுல உணர்ச்சி இல்லனு டாக்டரே சொல்லிட்டாரு. இனிமே சுடாது."

ஊரைத் திட்டினேன், சாமியைத் திட்டினேன், அவளையும் திட்டினேன். திட்டி முடிக்கும் வரைக்கும் அவள் மரவள்ளிக் கிழங்கை உரித்துக்கொண்டிருந்தாள். நான் மூச்சு வாங்க நின்றபோது, பையில் ஊறுகாய் வைத்திருக்கிறேன், கொட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள்.

எனக்கு வடக்கே ஒரு வெடிமருந்துக் கிடங்கில் போஸ்டிங் ஆனது. கம்பி வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் புதர், ஆளே வராத ஒரு வாசல். அதைக் காப்பதுதான் வேலை. குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போய் வைக்க குவார்ட்டர்ஸுக்கு எழுதிப் போட்டேன். என் முறை வர வருஷங்கள் ஆகும் என்றார்கள். அவளிடம் சொன்னபோது, நிலத்தை யார் பார்ப்பார்கள் என்று கேட்டாள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

மறு வருஷத் தீமிதிக்கு லீவு கேட்டேன். என் லீவெல்லாம் ஆஸ்பத்திரிக்கே தீர்ந்துபோயிருந்தது. அன்றைக்குச் சாயங்கால டூட்டி எனக்கு. கிடங்கு வாசலில் போன் வைத்திருக்கக்கூடாது. வெயில் இறங்க இறங்க, இப்போது கரகம் புறப்பட்டிருக்கும், இப்போது குழியில் கட்டைகளைத் தட்டிப் பரப்பியிருப்பார்கள், இப்போது பெண்களை வரிசையில் நிறுத்தியிருப்பார்கள் என்று ஒவ்வொன்றாக மனசில் ஓடியது. கால் மாற்றிக்கூட நிற்காமல் விறைப்பாக நின்றேன். அந்த நேரத்தில் அவளுக்காக என்னால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். டூட்டி மாற்ற வந்த பையன் என்னைப் பார்த்துவிட்டு, உடம்பு சரியில்லையா என்று ஹிந்தியில் கேட்டான்.

பாரக்குக்கு ஓடிப் போய் வீடியோ கால் போட்டேன். மகள் எடுத்தாள். பின்னால் மேளச் சத்தமும் ஜனங்களின் இரைச்சலும் கேட்டன. போனை அம்மாவிடம் கொடுத்தாள். மஞ்சள் பூசிய முகம், தலை நிறையப் பூ, நெற்றியில் பெரிய குங்குமம். கல்யாணத்தன்றைக்குப் பார்த்தது போல அவ்வளவு அழகாக இருந்தாள்.

"காலக் காட்டு" என்றேன்.

அவள் போனைக் கீழே இறக்கவில்லை. பக்கத்தில் யார் யாரோ நின்றுகொண்டிருந்தார்கள். பிறகு கூட்டத்தை விட்டு விலகி, கோயிலுக்குப் பின்னால் யாரும் இல்லாத இடத்துக்குப் போனாள். மேளச் சத்தம் குறைந்தது. இப்போது காட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"ஒண்ணும் ஆவல. பூ மேல நடந்த மாதிரி இருந்துச்சு" என்றாள், போனை முகத்தை விட்டு இறக்காமல்.

தீ மிதித்து வருகிற எல்லாப் பெண்களும் ஊராரிடம் சொல்வது அதைத்தான். நானும் ஊர்க்காரர்களைப் போலவே, எல்லாம் அம்மன் புண்ணியம் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.